கேசட்டின் கூடு

பழைய வீடியோ கேம் கேசட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றுக்குள் இருந்த ஆட்டங்களைப் பற்றியே பேசுகிறார்கள். ஆட்டத்தைத் தாங்கி நின்ற பிளாஸ்டிக் கூட்டைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்வார் அபூர்வம். ஆனால் கூடுகளை மட்டும் எடுத்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரே காரியத்துக்காகப் பிறந்த பொருள்கள் இத்தனை விதமான உருவங்களை எடுத்திருக்கின்றனவே என்ற ஆச்சரியம் முதலில் எழுகிறது. சற்று நிதானித்துப் பார்த்தால், அந்த உருவங்களுக்கெல்லாம் பின்னால் ஒவ்வொரு காரணம் இருப்பதும் புலப்படுகிறது. உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றேதான்: ஒரு சர்க்யூட் போர்டு, அதன்மேல் தொழிற்சாலையிலேயே எழுதி முடிக்கப்பட்டுப் பின்னர் மாற்ற முடியாதபடி அமைந்த நினைவகச் சில்லு, போர்டின் கீழ் விளிம்பில் வரிசையாக நிற்கும் உலோகத் தொடுமுனைகள். செய்தவனுடைய அச்சமும் வியாபாரக் கணக்கும், அதை வாங்கப்போகும் குழந்தையின் கையைப் பற்றி அவன் கொண்டிருந்த அபிப்பிராயமும் வெளிக் கூட்டில்தான் படிந்திருக்கின்றன. கைக்கு எது செய்யத் தக்கது, எது தகாதது என்பதைத் தன் வடிவத்தாலேயே உணர்த்திவிடும் கூடுதான் உத்தமமான கூடு என்பது என் கட்சி. அந்த அளவுகோலைக் கொண்டே இங்கே சிலவற்றை எடைபோடுகிறேன்.

1976-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஃபேர்சைல்டு சேனல் எஃப் என்ற கருவியே, நினைவகச் சில்லு பொதிந்த கேசட்டை மாற்றி மாற்றிச் செருகி ஆடும் முறையை முதலில் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர் தலைமையில் உருவான அந்த மஞ்சள் நிறக் கேசட்டுகள், அக்காலத்தில் காரில் பாட்டுக் கேட்கப் பயன்பட்ட எட்டுத் தட ஒலிநாடாப் பெட்டிகளை ஒத்திருந்தன. எளிதில் சேதமடையக்கூடிய மின்னணுச் சில்லைச் சாதாரண ஜனங்கள் தங்கள் கையாலேயே நூற்றுக்கணக்கான தடவை செருகியும் பிடுங்கியும் ஆடுவார்கள் என்பது அன்று யாருக்கும் அனுபவமில்லாத விஷயம். அந்த அனுபவமின்மையின் அச்சத்தை மறு ஆண்டு வந்த அடாரியின் கேசட்டில் கண்ணாலேயே பார்க்கலாம். 24 தொடுமுனைகளையும் மறைத்தபடி அதன் அடிப்பக்கத்தில் ஸ்பிரிங்கால் இயங்கும் சின்னக் கதவு ஒன்று இருக்கிறது. கருவியின் வாயில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் முளைகள் கேசட்டுக்குள் நுழைந்து தள்ளும்போதுதான் அது திறக்கும். விரலும் தூசியும் முனைகளைத் தீண்டாமலிருக்கச் செய்த இந்த ஏற்பாடு மிக அழகியது. அடாரிக்காகக் கேசட் செய்த வேறு நிறுவனங்கள் பலவும் செலவைக் கருதி இந்தக் கதவை விட்டுவிட்டன என்பது வருத்தத்துக்குரியது.

1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாமுக்கு வருவோம். குறுக்கே சுமார் 11 சென்டிமீட்டரும் உயரத்தில் 7 சென்டிமீட்டரும் உள்ள அதன் கேசட், ஒரு சிறுவனின் உள்ளங்கைக்குள் அடங்கும். 60 முனைகள், மேலிருந்து நேராகச் செருகினால் வேலை முடிந்தது. எடுப்பதற்கு ஒரு நெம்புகோலையும் வைத்தார் அதை வடிவமைத்த மசாயுகி உயெமுரா. கேசட்டைக் கையாலேயே பிடித்து இழுத்துவிடலாம் என்பதால் அந்த நெம்புகோல் அவசியமானதன்று. குழந்தைகள் அதை அழுத்தி மகிழ்வார்கள் என்ற ஒரே எண்ணத்தில் வைக்கப்பட்டது அது. பிரயோஜனம் என்ற கணக்கில் அடங்காத இந்தச் சிறு கருணையை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பொறியாளரிடம் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஃபாமிகாம் கேசட்டுகள் பல வண்ணங்களில் வந்தன. நாம்கோ, கோனாமி போன்ற சில நிறுவனங்களுக்குத் தங்கள் கேசட்டைத் தாங்களே தயாரிக்கும் சலுகையும் இருந்தபடியால், ஒவ்வொருவர் கூட்டிலும் அவரவர் கைவண்ணம் தெரிகிறது. ஐரெம் என்ற நிறுவனம் தன் ஆரம்பகாலக் கேசட்டுகளின் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கையே பதித்தது. கருவிக்கு மின்சாரம் வந்ததும் கேசட்டும் ஒளிரும். பின்னாளில் செலவைச் சுருக்கி அதைக் கைவிட்டார்கள். விளக்கிருந்த கேசட்டைச் சேகரிப்பாளர்கள் இன்றும் ஆசையோடு தேடுகிறார்கள்.

இதே ஃபாமிகாம் 1985-இல் அமெரிக்காவுக்குப் போனபோது நேர்ந்த உருமாற்றம்தான் இந்தச் சரித்திரம் முழுவதிலும் எனக்கு மிகவும் போதனை தருவது. 1983-இல் அங்கே வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டாலே கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆகவே லான்ஸ் பார் என்ற வடிவமைப்பாளர், விளையாட்டுச் சாமான் என்ற தோற்றமே இல்லாதபடி, வீட்டு வீடியோ ரிக்கார்டரைப் போல முன்பக்கம் கதவைத் திறந்து கேசட்டை உள்ளே தள்ளும் பெட்டியாக அதை மாற்றினார். கேசட்டும் அதற்கேற்ப வளர்ந்தது: உயரம் 13 சென்டிமீட்டருக்கும் மேல், அகலம் 12 சென்டிமீட்டர், சாம்பல் நிறம். திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் பாதி இடம் வெறும் காற்றுதான். அந்தக் காலியிடம் எவ்வளவு தாராளமானது என்றால், ரோபோவுடன் ஆடுவதற்கென வந்த ‘கைரோமைட்’ ஆட்டத்தின் ஆரம்பப் பிரதிகள் சிலவற்றுக்குள், ஜப்பானிய 60 முனைப் போர்டையே அப்படியே வைத்து, ஒரு மாற்றுப் பலகையின் துணையோடு 72 முனைகளுக்கு இணைத்துவிட்டார்கள்.

அந்த 72 என்ற எண்ணுக்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. பழைய 60 முனைகளில், கருவியின் ஒலியைக் கேசட்டுக்குள் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த இரண்டு முனைகளை நீக்கினார்கள். அனுமதியின்றி யாரும் கேசட் செய்யாமலிருக்க வைத்த காவல் சில்லுக்காக நான்கையும், கருவியின் அடிப்புறத்தில் இருந்த விரிவாக்க வாயிலுக்காகப் பத்தையும் சேர்த்தார்கள். அந்த விரிவாக்க வாயிலுக்கு நிண்டெண்டோ கடைசிவரை எந்தச் சாதனத்தையும் விற்கவில்லை. பத்து முனைகளும் வீண். நீக்கிய இரண்டு முனைகளின் நஷ்டமோ காதுக்கே கேட்கும். கோனாமியின் ‘கேஸில்வேனியா’ வரிசையில் மூன்றாவது ஆட்டம் 1989-இல் ஜப்பானில் வந்தபோது, கேசட்டுக்குள் இருந்த தனிச் சில்லு கூடுதல் ஒலிகளைச் சேர்த்து இசையைச் செழிக்க வைத்தது; மறு ஆண்டு அமெரிக்கா சென்ற அதே ஆட்டத்தின் இசை மெலிந்து ஒலித்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு, ஒரு கேசட்டின் விளிம்பில் இரண்டு உலோகக் கீற்றுகள் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் சங்கீதத்திலேயே விளங்கும்.

கேசட்டை முன்புறமாக உள்ளே தள்ளிக் கீழே அழுத்தும் அமெரிக்கக் கருவியின் ஏற்பாடு தேய்மானத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தே வைக்கப்பட்டது, நடந்ததோ நேர்மாறு. இணைப்பிலுள்ள உலோக நாக்குகள் நாளடைவில் வளைந்து பிடிப்பை இழந்தன. பிடிப்புத் தளர்ந்ததும் கருவியிலிருந்த காவல் சில்லு, கேசட்டிலிருந்த தன் ஜோடியின் பதில் வராமல், கருவியை மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்கே தள்ளியது. சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. உலகமெங்கும் குழந்தைகள் கேசட்டை எடுத்து வாயால் ஊதி மறுபடி செருகிய வழக்கம் இதனால்தான் பெருகியது. ஊதியதால் குணமானதாகத் தோன்றியபோதும், உண்மையில் பலித்தது எடுத்துத் திரும்பச் செருகிய செய்கையே. மூச்சின் ஈரம் தொடுமுனைகளுக்குக் கெடுதல்தான். 1993-இல் நிண்டெண்டோ அதே கருவியை, மேலிருந்து செருகும்படியும் காவல் சில்லு இல்லாமலும் புதிதாக வெளியிட்டது. தோற்றத்துக்காகக் கையின் இயல்பை மீறிய ஒரு வடிவமைப்பு, பத்தாண்டுக்குள் தன் மூலத்துக்கே திரும்பி வந்தது என்றுதான் இதைக் கொள்ள வேண்டும். 90-களில் நம் ஊர்த் தொலைக்காட்சிப் பெட்டிகளோடு இணைந்த மலிவான கருவிகளில் பெரும்பாலானவை ஃபாமிகாமின் நகல்களே. ஆகையால் நம் பிள்ளைகள் கையில் புழங்கியவை அந்தச் சிறிய 60 முனைக் கேசட்டுகள்தாம். உள்ளே சில்லை மூடிய ஒரு கறுப்புப் பிசின் பொட்டு மட்டும் தெரியும்.

ஒரு தேசத்துக் கேசட் மற்றொரு தேசத்தில் ஓடக்கூடாது என்ற வியாபார விதியையும் பிளாஸ்டிக்கைக் கொண்டே நிலைநாட்டினார்கள். அமெரிக்க சூப்பர் நிண்டெண்டோவின் வாயில் இரண்டு சிறு முளைகள். அவற்றுக்கேற்ற பள்ளம் ஜப்பானியக் கேசட்டின் முதுகில் கிடையாது. 1996-இல் வந்த நிண்டெண்டோ 64-இலும் இந்த இரு நாட்டுக் கேசட்டுகளைப் பிரித்தது முதுகுப்புற அச்சின் வெட்டு மட்டுமே. குறடு ஒன்றைக் கொண்டு முளையை ஒடித்தவர்களுக்கு இரு நாட்டு ஆட்டங்களும் வசமாயின.

அளவின் இரு துருவங்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1987-இல் ஜப்பானில் வந்த பிசி எஞ்சின் கருவிக்கு ஹட்ஸன் நிறுவனம் செய்த ஹியூகார்டு, ஏடிஎம் அட்டையைவிடச் சற்றே தடித்த ஒரு தகடு. ‘ஸ்டிரீட் ஃபைட்டர் 2’ போன்ற பெரிய ஆட்டத்தை அதில் அடக்க நேர்ந்தபோது அட்டையின் ஒரு பகுதி மேடாகப் புடைத்துக்கொண்டது. 1990-இல் வந்த நியோ ஜியோவின் கேசட்டோ இரண்டு போர்டுகளைச் சுமந்த பெருங்கட்டி. ஆட்டக்கூடத்து ஆட்டம் குறைவின்றி வீட்டுக்கு வந்துவிட்டது என்ற பெருமிதம் அதன் கனத்திலேயே தெரியும். அளவை விட்டு யுக்தியைப் பார்த்தால், சேகா 1994-இல் வெளியிட்ட ‘சோனிக் அண்டு நக்கிள்ஸ்’ கேசட்டின் தலையில் இன்னொரு கேசட்டைச் செருகும் வாயே இருந்தது. பழைய சோனிக் ஆட்டங்களில் சிலவற்றை அதன்மேல் ஏற்றினால் புதிய பாத்திரம் பழைய ஆட்டத்துக்குள் புகுந்துவிடும். இந்த யுக்திக்கு இணையானதொன்றை நான் கண்டதில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் உயர்ந்ததாக நான் வைப்பது 1989-இல் வந்த கேம் பாயின் சிறிய சாம்பல் நிறக் கேசட்டையே. சுமார் 65 மில்லிமீட்டர் உயரமும் 57 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அதை, லேபிள் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், வலது மேல் மூலை சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். கருவியின் மின்விசையை நகர்த்தும்போது அதனோடு சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் நாக்கும் நகர்ந்து அந்த வெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன்பின் ஆட்டம் நடக்கையில் எவ்வளவு இழுத்தாலும் கேசட் வராது. 1998-இல் வண்ணத்திரையுள்ள கேம் பாய் வந்தபோது, புதிய கருவியில் மட்டும் ஓடக்கூடிய கேசட்டுகளில் இந்த வெட்டை நீக்கிவிட்டார்கள். அதைப் பழைய கருவியில் செருகினால் நாக்குக்கு இடமில்லாமல் மின்விசையே நகராது. இரண்டிலும் ஓடும் கேசட்டுகளுக்கு மட்டும் வெட்டு அப்படியே இருந்தது. படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியும்படி எழுதப்பட்ட விதி இது.

2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் இந்தச் சூட்சுமத்தை இன்னொரு படி உயர்த்தியது. புதிய கேசட்டுகளுக்கு 3.3 வோல்ட் போதும், பழையவற்றுக்கு 5 வோல்ட் வேண்டும். கருவியின் வாய்க்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு விசையைப் பழைய கேசட்டின் உடல் அழுத்தும்; புதிய கேசட்டோ அந்த இடத்தில் குடைந்து விடப்பட்டிருப்பதால் அதைத் தொடாது. ஆகவே கேசட்டின் விளிம்பைக் கொண்டே, உள்ளே வந்திருப்பது எந்தத் தலைமுறை என்பதைக் கருவி அறிந்து, அதற்குரிய மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது. அதே கருவிக்குக் கோனாமி 2003-இல் வெளியிட்ட ‘போக்டாய்’ ஆட்டத்தின் கேசட்டில் சூரிய ஒளியை அறியும் உணரி ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. இரத்தக் காட்டேரிகளை வீழ்த்தும் துப்பாக்கிக்குச் சக்தி வேண்டுமானால் பிள்ளைகள் கருவியோடு உண்மையாகவே வெயிலுக்கு வர வேண்டும். குறுந்தகடு எத்தனையோ மடங்கு அதிகத் தகவலைச் சுமந்தாலும் இப்படியொரு புலனைத் தன் உடலில் ஏற்றிக்கொள்ள அதனால் முடியாது.