வெம்மையை வெல்லும் வழி: சிவகாசிப் பணியறைகள் குறித்த ஒரு நோக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த விருதுநகர் மாவட்டம் நீர்வளம் குன்றிய நிலப்பரப்பாகும். வேளாண்மைக்குத் தடையாயிருந்த அந்த வறட்சியே, ஈரம் படலாகாத தொழில்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரின் முயற்சியால் அத்தொழில் சிவகாசியில் வேரூன்றியது. பட்டாசும் அச்சும் அதனைத் தொடர்ந்தன. ஆயினும், இத்தொழில்களை வளர்த்த வறண்ட வெம்மையே அவற்றில் உழைப்போருக்குப் பெருஞ்சுமையாகவும் இருந்து வருகின்றது. கோடையில் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும் அவ்வெம்மையிலிருந்து இயந்திரத்தையும் மனிதரையும் காப்பது எவ்வாறு என்பதை இங்கு நோக்குவோம்.

இயந்திரப் பெட்டிக்குக் கிடைக்கும் குளிர்ச்சி

முதலில் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். ஆஃப்செட் இயந்திரத்தின் அருகே நிற்கும் இரும்புப் பெட்டியினுள் மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள் உள்ளன. அவற்றின் வழியே செல்லும் மின்னாற்றலில் ஒரு சிறு பகுதி வெப்பமாக மாறுகின்றது. 30 கிலோவாட் ஆற்றலைக் கையாளும் கருவியில் நூற்றுக்கு 3 பங்கு அவ்வாறு மாறுமாயின், மூடிய பெட்டிக்குள் 900 வாட் அளவான மின்னடுப்பு ஒன்று இடைவிடாது எரிவதற்கு அது ஒப்பாகும்.

விசிறி பொருத்தி வெளிக்காற்றை உட்செலுத்துவது எளிய வழி. ஆனால் வெளிக்காற்றே 40 டிகிரியாயின், பெட்டியின் உட்புறம் அதற்குக் கீழே இறங்க இயலாது. காகிதத்தூளும் வடிகட்டியை அடைத்துவிடும். எனவே பெட்டியை முற்றாக மூடி, உட்காற்றை மட்டும் சுழற்றிக் குளிர்விக்கும் சிறிய ஏ.சி. கருவியைப் பொருத்தும் முறை உண்டு. இச்செலவு வீணன்று. சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் 1889இல் வெப்பநிலைக்கும் வேதிவினையின் வேகத்துக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக வகுத்தார். அதன்வழி அமைந்த நடைமுறைக் கணக்கின்படி, வெப்பநிலை 10 டிகிரி உயருந்தோறும் இக்கருவிகளிலுள்ள மின்பகுளி மின்தேக்கிகளின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது.

மின்சாரம் நுழையாத அறை

அதே வட்டாரத்தின் பட்டாசுப் பணியறைக்கு வருவோம். இங்கும் அதே விதிதான் செயற்படுகின்றது. அலுமினியத்தூளும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் வேதிவினை தொடங்கி வெப்பம் வெளிப்படும். சுற்றுப்புறம் சூடாக இருக்குமாயின் அவ்வினை மேலும் விரையும்; வெளியேற வழியற்ற வெப்பம் தீயாக மூளவும் கூடும். இவ்வினையைத் தடுக்கும் பொருட்டே இத்தகைய கலவைகளில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்க்கப்படுவதுண்டு.

இயந்திரப் பெட்டிக்குக் கிடைத்த தீர்வு இவ்வறைக்குக் கிடைப்பதில்லை. மின்விசிறியின் சிறு பொறியும் மருந்துத்தூளைப் பற்றவைக்கும் என்பதால் மருந்தைக் கையாளும் அறைகளில் மின்விளக்குக்கும் விசிறிக்கும் இடமில்லை. பகலொளியிலேயே வேலை நடைபெறுகின்றது. அடுத்த வழி நீர். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். வறண்ட காற்றில் நனைந்த வெட்டிவேர்த் தட்டி அறையைக் குளிர்விப்பது இதனாலேயே. ஆனால் மேற்சொன்னவாறு ஈரமே இம்மருந்துக்குப் பகையாதலால் அவ்வழியும் அடைபடுகின்றது.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரும் பட்டாசு ஆலை விபத்துகளில் உயிரிழந்தனர். வெம்மையே இவற்றுக்குக் காரணமென்று நாம் கூறவில்லை. உராய்வும், அளவுக்கு மீறிய மருந்தும், அறைக்குள் மிகுதியாக அமர்த்தப்படும் ஆட்களும் இத்தொழிலின் முதன்மையான ஆபத்துகள் என்பது அறிந்ததே. ஆனால் வெம்மையால் களைத்த கையே தவறவிடும். களைத்த மனமே விதியை மறக்கும்.

மரபு தரும் பாடம்

விசிறியும் நீரும் விலக்கப்பட்ட இடத்தில் கட்டடமே குளிரூட்டியாதல் வேண்டும். இதில் இஸ்லாமிய உலகின் கட்டடக்கலைக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஈரானின் யஸ்த் நகரில் 'பாத்கீர்' எனும் காற்றுக்கோபுரங்களும், கெய்ரோவின் பழைய இல்லங்களில் 'மல்கஃப்' எனும் காற்றுவாங்கிகளும் மேற்காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கின. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி (1900–1989), 1986இல் வெளிவந்த தமது நூலில் இவற்றின் இயக்கத்தை அறிவியல் முறையில் விளக்கினார். காயல்பட்டினத்தின் பழைய வீடுகளில் உள்ள முற்றமும், சூடான காற்றை மேலே போக்கி அறைகளுக்குக் காற்றோட்டம் தரும் அமைப்பே.

எனினும் வடிவத்தை அப்படியே பின்பற்றுதல் தகாது. கோபுரம் இறக்கும் காற்று மருந்துத்தூளை வாரியெழுப்பும்; மல்கஃபின் வழியில் வைக்கப்படும் நீர்க்கலமும் இங்கு ஆகாது. கொள்ளத்தக்கது அவற்றின் தத்துவம்: வெயில் உள்ளே வரலாகாது, வந்த வெப்பம் தங்கலாகாது. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதல், அதன் மேல் இடைவெளி விட்டு நிழற்கூரை அமைத்தல், மேற்குச் சுவருக்கு நீண்ட இறவாரம் வைத்தல், கூரையின் அடியில் சூடான காற்று வெளியேறத் திறப்புகள் விடுதல் ஆகியன இத்தத்துவத்தின் எளிய வடிவங்கள். வெடிபொருள் ஆலையின் உரிமம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துடன் பிணைந்தது. ஆகவே இம்மாற்றங்களை வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் ஒப்புதலுடனேயே செய்தல் வேண்டும்.

நேரம் எனும் நிழல்

கட்டடத்தால் இயலாததை நேரத்தால் செய்யலாம். கடும் வெப்பத்தில் லுஹர்த் தொழுகையை வெம்மை தணியும்வரை பிற்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள்; 'இப்ராத்' என ஃபிக்ஹு நூல்கள் இதனை விவரிக்கின்றன. வணக்கத்தின் நேரத்திலேயே மனிதரின் சிரமம் கருத்திற்கொள்ளப்பட்டதாயின், பிழைப்புக்கான உழைப்பில் அது எத்துணை முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக் கலவையைக் காலையிலேயே முடித்துவிடும் பட்டாசு ஆலைகளின் வழக்கமும் இவ்வறிவின்பாற்பட்டதே.

ஆனால் இங்கு ஓர் இடர் உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி பெறும் தொழிலாளிக்கு நண்பகல் ஓய்வு என்பது கூலியிழப்பாகும். தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் தன் 13ஆம் பிரிவில் காற்றோட்டத்தையும் தாங்கத்தக்க வெப்பநிலையையும் வலியுறுத்தியது. இவை பயன்தர வேண்டுமாயின் ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்ற ஏற்பாடு அவசியம். பழுதானால் நேரும் இழப்பைக் கணக்கிட்டே இயந்திரப் பெட்டிக்கு ஏ.சி. பொருத்துகின்றோம். கூரைச் சுண்ணாம்பும் நண்பகல் ஓய்வும் அதே கணக்குப் புத்தகத்தில் செலவாக எழுதப்படும்போதே பட்டாசுப் பணியறையின் வெம்மை தணியும்.