31-வது முட்டை எங்கே?
தப்புக் கணக்குச் சொல்லும் பென் டிரைவ்!

நாமக்கல் முட்டை அடுக்கி வரும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஓர் அட்டையில் 30 குழிகள். முதல் குழிக்கு 0 என்று எண் போட்டுக்கொண்டே வந்தால், கடைசிக் குழியின் எண் 29.

"கடைசிக் குழியின் எண் என்ன?" என்று கேட்கும்போது, ஒருவர் அவசரத்தில் "30" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கேட்டவர் 31 முட்டைகள் இருப்பதாக நினைப்பார். 31-வது முட்டையை எடுக்கக் கை நீட்டுவார். அங்கே குழியே இராது!

பென் டிரைவ் போன்ற கருவிகளிலும் இதே குழப்பம் நடந்திருக்கிறது.

கணினியின் கேள்வி

பென் டிரைவைச் செருகும் துளைக்கு யு.எஸ்.பி. என்று பெயர். இந்த ஏற்பாடு 1996 ஜனவரியில் வெளிவந்தது. இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், பரோடாவில் படித்த அஜய் பட்.

கருவியைச் செருகியதும் கணினி கேட்கும்: "நீ யார்? உன் கடைசிக் கட்டத்தின் எண் என்ன?" படமும் பாட்டும் அந்தக் கட்டங்களில்தான் இருக்கின்றன. கட்டங்களின் எண் 0-வில் தொடங்கும்.

சில கருவிகள் கடைசி எண்ணைச் சொல்வதற்குப் பதிலாக, மொத்தம் எத்தனை கட்டம் என்று சொல்லிவிடுகின்றன. ஒன்று கூடிவிடுகிறது! இல்லாத கட்டத்தைக் கணினி தேடிப் போகிறது. கருவி திகைத்து நின்றுவிடுகிறது. உள்ளே மகளின் கல்யாணப் படங்கள் பத்திரமாக இருக்கும். ஆனால் வெளியே எடுக்க வழி தெரியாது.

குறைகளின் பட்டியல்

இதற்கு ஒரு வழி கண்டார்கள் லினக்ஸ் நிபுணர்கள். லினக்ஸ் என்பது 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய மென்பொருள். ஆண்ட்ராய்டு செல்போனுக்கும் அதுவே அடிப்படை.

அதற்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. "வழக்கத்துக்கு மாறான கருவிகள்" என்பது அதன் தலைப்பு. தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண், அதன் குறை என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். "இது சொல்லும் எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்" என்பதும் அதில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான்! அந்தக் கருவியைச் செருகியதும் கணினி பட்டியலைப் பார்க்கும். ஒன்றைக் கழித்துக்கொள்ளும். வேலை ஒழுங்காக நடக்கும்.

இந்தக் குறைகளைக் கண்டு சொன்னவர்கள் யார்? கருவியை வாங்கிப் பயன்படுத்திய பலரும்தான்! "இன்னார் தெரிவித்தது" என்று அவர்கள் பெயரும் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் எழுதி வைத்ததால், பின்னால் வந்தவர்கள் கருவியைக் குப்பையில் போடாமல் தப்பித்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

பென் டிரைவ் முரண்டு பிடித்தால் உடனே அழித்துவிடாதீர்கள். வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். திறந்தால் முதல் வேலையாகப் படங்களை இன்னோர் இடத்தில் பிரதி எடுங்கள். பழுது பார்ப்பவரிடம் "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கணினியில், என்ன செய்தபோது நின்றது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

நோயைச் சரியாகச் சொன்னால்தானே வைத்தியர் மருந்து கொடுப்பார்?