காலிக் கோட்டை: மதில்களும் மனிதர்களும்

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் கூர்ந்து நோக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் பணிக்கின்றது. அவ்வாறு நோக்கிப் பெறும் படிப்பினையே 'இப்ரத்' எனப்படுகின்றது. கடற்கரைக் கோட்டைகளைக் காணச் செல்வோர்க்கும் இந்நோக்கு வேண்டும். இலங்கையின் தென்கரையிலுள்ள காலிக் கோட்டை அதற்குத் தக்க இடமாகும்.

கோட்டை எழுவதற்கு முன்பே காலியில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். 1344ஆம் ஆண்டில் அவ்வூர் வந்த இப்னு பதூதா, நாகுதா இப்ராஹீம் என்பார் தம்மை விருந்தோம்பியதைப் பதிவு செய்துள்ளார். 'நாகுதா' என்பது கப்பல் தலைவரைக் குறிக்கும் சொல். தமிழ் முஸ்லிம்களுக்கும் பழக்கமானது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்றும் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும் போற்ற, பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்து அமைந்துள்ளது. அக்கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

வணிகர் மூன்று மொழிகளில் பழகிய துறைமுகத்தில், 1588இல் போர்த்துக்கேயர் அரண் அமைத்தனர். 1640இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பெருமதிலும் கொத்தளங்களும் எழுப்பினர். கடல் ஏற்றத்தின்போது நீர் புகுந்து, வற்றத்தின்போது கழிவை வெளியே இழுத்துச் செல்லும் நிலத்தடி வடிகால்கள் அவர்தம் பொறியியல் திறனுக்குச் சான்று. 1796இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

அதிகாரங்கள் மூன்றும் அகன்றுவிட்டன. பீரங்கிகள் காவல் நின்ற மதில்மீது இன்று குழந்தைகள் பட்டம் விடுகின்றனர். குடும்பங்கள் மாலைக் காற்று வாங்குகின்றன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வெளிநகரைச் சிதைத்தபோது, பகைவரைத் தடுக்கக் கட்டிய மதிலே உள்ளிருந்தோரைப் பெரிதும் காத்தது. கட்டியவர் கருதாத பயனை இறைவன் அதில் வைத்திருந்தான்.

கலங்கரை விளக்கின் அருகே மீரான் பள்ளிவாசல் நிற்கின்றது. வெளித்தோற்றம் தேவாலயத்தை ஒத்திருப்பினும் உள்ளே மிஹ்ராபு கிப்லாவைக் காட்டுகின்றது. கோட்டைத் தெருக்களில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன.

1988இல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதன்பின் சுற்றுலா பெருகிற்று. பழைய வீடுகள் பல விலைபோய் விடுதிகளாயின. மதிலைப் பழுது பார்க்கச் சட்டம் உண்டு. வீட்டை விற்றுச் சென்ற அண்டைவீட்டாரை எச்சட்டம் மீட்டுத் தரும்? பாங்கு கேட்டு வந்து ஸஃப்பில் நிற்க ஆளிருந்தாலன்றோ பள்ளிவாசல் பள்ளிவாசலாக இருக்கும்! அங்குச் செல்லும் நாம் மதிலைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், ஒரு வேளைத் தொழுகையேனும் அம்மக்களோடு நின்று தொழுது, அவர்தம் நலம் உசாவி வருதல் வேண்டும்.