ஏடு ஓரிடத்தில் இருந்தால் போதுமா?

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மெய்யான சொத்து எது என வினவினால், கட்டடம் என்பார் சிலர்; கிடங்கிலுள்ள நூலும் உரமும் என்பார் வேறு சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. இடிந்த கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். எந்த அங்கத்தினருக்கு எத்தனை பங்கு, எந்தத் தறிக்கு எவ்வளவு பாவு கொடுக்கப்பட்டது, எந்த விவசாயி எந்தத் தவணையைச் செலுத்தினார் என்ற விவரம் அழிந்துபோனால், சங்கத்தின் மீதுள்ள நம்பிக்கையே ஆட்டங்கண்டுவிடும்.

இவ்விவரங்கள் இன்று பல சங்கங்களில் கணினிக்கு ஏறிவிட்டன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பொது மென்பொருள் ஒன்றின் கீழ்க் கொணரும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கூலிப் பட்டியலும் இருப்புக் கணக்கும் கணினியில் எழுதப்படுகின்றன. ஏட்டைக் கறையான் அரித்தது போல, கணினியின் வட்டையும் மின்னலோ வெள்ளமோ பாழாக்கக்கூடும். ஆகவே, மேகச் சேமிப்பு என்னும் ஏற்பாட்டைச் சங்கங்கள் நாடுகின்றன.

பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. வேறோர் ஊரில், பெரிய கட்டடம் ஒன்றில், ஒரு நிறுவனம் அடுக்கி வைத்திருக்கும் கணினிகளே இந்த மேகம். நமது கோப்பின் நகல் இணையத்தின் வழியாக அங்கே போய்ச் சேருகிறது. கூகுள் நிறுவனம் 2013இல் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிகாபைட் இடத்தை இலவசமாக அளிக்கலாயிற்று. ஏட்டின் பக்கமொன்றைப் படமெடுத்தால் ஒரு மெகாபைட் ஆகும் எனக் கொண்டால், அதில் ஏறக்குறைய 15,000 பக்கங்கள் அடங்கும். தலைவரும் காரியதரிசியும் தத்தம் இடத்திலிருந்தே ஒரே பட்டியலைக் காணலாம். ஒருவருக்குப் பார்க்க மட்டும் உரிமை, மற்றொருவருக்குத் திருத்தவும் உரிமை என வகுத்து வைக்கலாம்.

நன்மை இவ்வளவு இருப்பினும், பகிர்வது வேறு, பாதுகாப்பது வேறு என்பதை அங்கத்தினர்கள் உணர வேண்டும். கணினியும் மேகமும் ஒத்திசையும்படி அமைத்திருந்தால், இங்கே அழித்த கோப்பு அங்கேயும் அழிந்துவிடும். சில நாட்கள் அது குப்பைத் தொட்டியில் கிடக்கும். கூகுள் டிரைவில் அக்கெடு 30 நாட்களே. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல் புகுந்தால், பூட்டப்பட்ட கோப்பே மேகத்திற்கும் சென்று சேரும்.

பெரிய அரசாங்கமும் இதில் இடறியிருக்கிறது. தென் கொரியாவில் அரசு அலுவலர்கள் தங்கள் கோப்புகளைத் தனித்தனிக் கணினிகளில் வையாது, அரசின் பொது மேகத்திலேயே வைக்குமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தனர். 2025 செப்டம்பர் 26ஆம் நாள் டேஜியான் நகரிலுள்ள தேசியத் தகவல் மையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. 858 டெராபைட் அளவுள்ள கோப்புகள் அழிந்தன. அவற்றிற்கு வேறிடத்தில் நகல் இல்லை. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத் தகவல் மையம் எரிந்தபோதும், அதே வளாகத்தில் மட்டுமே நகல் வைத்திருந்தோர் மூலத்தையும் நகலையும் ஒருங்கே இழந்தனர். மேகம் ஓரிடம், ஓரிடம் போதாது.

எனவே, சங்கங்கள் செய்யத்தக்கவை சில. முதலாவதாக, மூன்று பிரதிகள் இருக்கட்டும்: ஒன்று அலுவலகக் கணினியில், ஒன்று தனி வட்டில், ஒன்று மேகத்தில். வாரந்தோறும் நகலெடுத்ததும் வட்டைக் கணினியிலிருந்து கழற்றிப் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். இரண்டாவதாக, மேகக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். எழுத்தரின் சொந்தக் கணக்கில் எல்லாவற்றையும் ஏற்றிவைக்கும் வழக்கத்தை நாம் பார்வையிடச் செல்லும் இடங்களில் காண்கிறோம். அவர் விலகிச் சென்றால் சாவியும் உடன் சென்றுவிடுமன்றோ? கடவுச்சொல்லை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்துப் பெட்டகத்தில் சேமிப்பது நன்று. மூன்றாவதாக, இணைப்பு கிடைத்த எவரும் திறக்கும்படி கோப்பைப் பகிர்தல் ஆகாது. அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருக்கக்கூடும். நான்காவதாக, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நகலிலிருந்து ஒரு பேரேட்டைத் திறந்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திறந்து பாராத நகலை நம்புவது, எண்ணிப் பாராத ரொக்கத்தை வரவு வைப்பதற்கு ஒப்பாகும்.

இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு வட்டின் விலையும் வாரத்தில் அரைமணி நேரமும் போதும். அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும்போது, அங்கத்தினர்கள் எழுந்து ஒரு கேள்வி கேட்பார்களாக: "நமது கணக்கின் நகல் எத்தனை இடத்தில் இருக்கிறது? கடைசியாக அதைத் திறந்து பார்த்தது எப்போது?" இதற்கு நிர்வாகக் குழு தேதியோடு விடை கூறுமாயின், அச்சங்கத்தில் அங்கத்தினரின் உழைப்பு பத்திரமாக இருக்கிறது எனலாம்.