உங்க பி.சி-க்கு சோறு போடுறது யாரு?

ப்ராசஸர் எதுன்னு கேட்டா டக்குனு சொல்வீங்க. கிராபிக்ஸ் கார்டு எதுன்னு கேட்டா மாடல் நம்பர், மெமரி எத்தனை ஜி.பி. என்பது வரைக்கும் மனப்பாடமா ஒப்பிப்பீங்க. 'சரி பாஸ்... உள்ளே என்ன எஸ்.எம்.பி.எஸ். இருக்கு?'ன்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் கேபினெட்டுக்குப் பின்னாடி எட்டிப் பார்க்கப் போயிடுவாங்க!

கேமிங் பி.சி. அசெம்பிள் பண்ண லிஸ்ட்டோட ரிச்சி ஸ்ட்ரீட் போகிறோம். பட்ஜெட் இடிக்கும்போது முதலில் கத்தி விழுவது இந்த எஸ்.எம்.பி.எஸ். மேலதான். 'கேபினெட்டோட 450 வாட்ஸ் ஃப்ரீயா வருது தம்பி, அதுவே போதும்' என்பார் கடைக்காரர். மிச்சமான காசுக்கு கலர் கலரா லைட் எரியும் ஃபேன் வாங்கிக்கிட்டு சந்தோஷமா வீடு திரும்புவோம். வில்லங்கம் அந்த ஃப்ரீயில்தான் ஆரம்பிக்குது.

சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட் ஏ.சி. கரன்ட்டை 12, 5, 3.3 வோல்ட் டி.சி-யாக மாற்றி, உள்ளே இருக்கும் ஒவ்வொருத்தருக்கும் பந்தி பரிமாறுவதுதான் எஸ்.எம்.பி.எஸ். வேலை. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் கெட்டுப்போனா ஒருத்தருக்கு மட்டுமா வயித்தைக் கலக்கும்? அதே கதைதான். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். சாகும்போது மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இருக்கிற ஹார்டு டிஸ்க் எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போகலாம். அதனால, கடைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்குப் போடுவோம் வாங்க!

ஸ்டிக்கரைப் படிங்க!

பெட்டி மேல பெருசா போட்டிருக்கும் வாட்ஸை நம்பாதீங்க. எஸ்.எம்.பி.எஸ். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் '+12 வோல்ட்' என்ற கட்டத்தைத் தேடுங்க. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட் லைனைத்தான். அதில் எத்தனை ஆம்பியர்னு பார்த்து 12-ஆல் பெருக்குங்க. 16 ஆம்பியர்னு இருந்தா, 12 x 16 = 192 வாட்ஸ். வெளியே '450 வாட்ஸ்'னு பந்தா காட்டினாலும் உங்க கேமுக்குக் கிடைக்கப்போவது இந்த 192-தான்! நல்ல 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்-ஸில் 12 வோல்ட் லைனே ஏறக்குறைய முழு வாட்ஸையும் தரும். ஆம்பியர் விவரமே இல்லையா? அப்படியே வெச்சுட்டு நகர்ந்துடுங்க.

எத்தனை வாட்ஸ் வேணும்?

ஸ்டூடன்ட் பட்ஜெட்டில் ஒரு ஜோடியை எடுத்துக்குவோம். இன்டெல் ஐ5-12400எஃப் ப்ராசஸர், முழு வேகத்தில் 117 வாட்ஸ். என்விடியா ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டு 115 வாட்ஸ். மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாம் சேர்ந்து 60 வாட்ஸ்னு வைப்போம். மொத்தம் 292.

'அப்போ 300 வாட்ஸ் போதுமே'ன்னு தோணும். ஆனா, இந்தக் கார்டுக்கு என்விடியாவே சிபாரிசு செய்வது 550 வாட்ஸ். காரணம் இருக்கு. கிராபிக்ஸ் கார்டு சீராகச் சாப்பிடும் சமத்துப் பிள்ளை இல்லை. ஸ்க்ரீனில் குண்டு வெடிக்கும் நேரத்தில், கண் இமைப்பதற்குள் திடீர்னு எகிறிக் குதிக்கும். 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, 16 பின் கனெக்டரோடு வரும் பெரிய எஸ்.எம்.பி.எஸ்-கள் தங்கள் வாட்ஸைப்போல இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்கணும்னே சொல்லுது. கேம் நடுவில் பி.சி. படக்குனு அணைஞ்சு ரீஸ்டார்ட் ஆகுதா? விண்டோஸைத் திட்டிட்டு ஃபார்மட் அடிப்பதற்கு முன்னாடி எஸ்.எம்.பி.எஸ்-ஸையும் சந்தேகப்படுங்க.

அதுக்காக இந்த செட்டுக்கு 1,000 வாட்ஸ் வாங்கறதும் வேஸ்ட். அந்தக் காசை கிராபிக்ஸ் கார்டில் போட்டா கேம் இன்னும் ஸ்மூத்தா ஓடும். இரண்டு வருஷத்தில் பெரிய கார்டுக்கு மாறும் ஐடியா இருந்தா 650 வாங்குங்க, போதும்.

தங்கமா... வெண்கலமா?

'80 பிளஸ் ப்ரான்ஸ்', 'கோல்டு' என்றெல்லாம் மெடல் குத்தியிருக்கும். 2004-ல் தொடங்கிய இந்தச் சான்றிதழ் சொல்வது ஒண்ணே ஒண்ணு... இழுக்கும் கரன்ட்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகுதுங்கறதுதான். பாதி லோடில் ப்ரான்ஸ் சுமார் 85 சதவிகிதம், கோல்டு சுமார் 90.

இ.பி. பில்லில் மிச்சம் பிடிக்கலாமா? 300 வாட்ஸ் சாப்பிடும் பி.சி-யில் தினமும் நாலு மணி நேரம் கேம் ஆடினா, இரண்டு மாசத்துக்கு ப்ரான்ஸில் 85 யூனிட், கோல்டில் 80 யூனிட். வித்தியாசம் அஞ்சே யூனிட்! பில்லுக்காக மட்டும் கோல்டு வாங்கவேண்டாம்.

மெடல் இருந்தா பாதுகாப்புன்னும் நினைச்சுடாதீங்க. 2021-ல் ஜிகாபைட் நிறுவனத்தின் பி750ஜி.எம்., பி850ஜி.எம். என்ற இரண்டு கோல்டு மாடல்கள் டெஸ்ட்டில் வெடித்து, உலகம் முழுக்கப் பேச்சானது. ஓவர் பவர் பாதுகாப்பு அளவைக் குறைத்ததோடு, பழைய ஸ்டாக்கை மாற்றித் தருவதாகவும் அந்த நிறுவனம் அறிவித்தது. ஆக, பிராண்டு பெயரை மட்டும் பார்க்காம, அந்தக் குறிப்பிட்ட மாடலை யாராவது பிரிச்சு மேய்ஞ்சு டெஸ்ட் பண்ணியிருக்காங்களான்னு தேடுங்க. அஞ்சு வருஷத்துக்கு மேல வாரன்ட்டி தந்தா அது நல்ல அறிகுறி.

ஒயர் விஷயத்தில் விளையாடாதீங்க!

கிராபிக்ஸ் கார்டுக்கான 6 பின் ஒயர் 75 வாட்ஸ், 8 பின் ஒயர் 150 வாட்ஸ் வரை தாங்கும். உங்க கார்டுக்குத் தேவையான ஒயர் எஸ்.எம்.பி.எஸ்-ஸிலேயே இருக்கணும். 'கன்வர்ட்டர் போட்டுக்கலாம்'னு யாராவது சொன்னா, தலையாட்டாதீங்க. 16 பின் கனெக்டர்னா முழுசா உள்ளே போயிருக்கான்னு இரண்டு தடவை பாருங்க. 2022 அக்டோபரில் ஆர்.டி.எக்ஸ் 4090 வாங்கின சிலருக்கு இந்தக் கனெக்டர்தான் உருகியது. சரியாகச் செருகாததும் ஒரு காரணம்.

முக்கியமான இன்னொண்ணு... கழற்றி மாட்டும் மாடுலர் ஒயர்களை ஃப்ரெண்டு கிட்ட கடன் வாங்காதீங்க. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் ஒவ்வொரு கம்பெனிக்கும் பின் வரிசை வேற. அப்படியே கச்சிதமா பொருந்தும், கச்சிதமா எஸ்.எஸ்.டி-யைப் புகைய வைக்கும்!

நம்ம ஊரு மேட்டர்

கேபினெட்டைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதா? பெரும்பாலும் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லைன்னு அர்த்தம். செருப்பு போட்டுக்கிட்டு சமாளிக்காம எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஹாஸ்டல்னா வார்டன்கிட்ட சொல்லுங்க.

அடுத்தது யு.பி.எஸ். 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தரும். நம்ம 292 வாட்ஸ் பி.சி., ப்ரான்ஸ் எஸ்.எம்.பி.எஸ்-ஸில் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 343. மானிட்டருக்கு 30 சேர்த்தா 373. கேம் உச்சத்தில் கரன்ட் போனா, யு.பி.எஸ். கீச்சுனு கத்திட்டுப் படுத்துடும்! 1,000 வி.ஏ. பக்கம் போங்க. 'ப்யூர் சைன் வேவ்' கிடைத்தா இன்னும் நல்லது. மற்ற வகையோடு சில எஸ்.எம்.பி.எஸ்-கள் ஒத்துப்போகாம அணைஞ்சுடும்.

கடைக்குப் போகும் முன்...

* ப்ராசஸர், கார்டு, மற்றவை... மூணையும் கூட்டி எழுதிக்கோங்க. கார்டு கம்பெனி சிபாரிசு செய்யும் வாட்ஸுக்குக் கீழே இறங்காதீங்க.

* 12 வோல்ட் ஆம்பியரை 12-ஆல் பெருக்காம காசு கொடுக்காதீங்க.

* பில்லில் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் இருக்கணும். இல்லைன்னா வாரன்ட்டிக்கு அலைய வேண்டியிருக்கும்.

* ரிப்பேர்னா நீங்களே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல பதுங்கியிருக்கும். அது உயிர் விஷயம்!

நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கினா அதைப் பத்தி யாரும் உங்களைப் பாராட்டப் போறதில்லை. ஆனா, ரெண்டு கிராபிக்ஸ் கார்டு மாத்தினாலும் அதே பெட்டி சத்தமில்லாம சோறு போட்டுக்கிட்டிருக்கும். கலர் லைட்டை அடுத்த பொங்கலுக்கு வாங்கிக்கலாம் பாஸ்!