ஒழிந்த இடம்

ஜப்பானிய மொழியில் ‘கரா’ என்பது வெறுமை. ‘ஓக்கே’ என்பது ஆர்கெஸ்ட்ரா என்னும் சொல்லின் குறுக்கம். பக்க இசை மட்டும் ஒலிக்க, பாடுவோர் குரலுக்கு இடம் ஒழித்துவைத்தலின் ‘கரோக்கே’ எனப் பெயர் பெற்றது. 1971இல் கோபே நகரத்து இசைக்கலைஞர் இனோவே தைசுகே இதற்கெனக் கருவி ஒன்று அமைத்தார். ஆயின் காப்புரிமை பெற்றிலர்.

அந்நாட்டு மக்கள் கரோக்கேயில் விரும்பிப் பாடுவனவற்றுள், அனிமே எனப்படும் இயங்கு ஓவியத் தொடர்களின் முகப்புப் பாடல்களும் உள்ளன. 1963இல் தொடங்கிய ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரின் முகப்பிசை முதற்கண் சொல்லின்றியே ஒலித்தது. பின்னரே கவிஞர் தனிகாவா ஷுந்தாரோ அதற்குச் சொல் யாத்தளித்தார். 1995இல் ‘இவாஞ்சலியன்’ தொடருக்காகத் தகஹாஷி யோகோ பாடிய பாடலை, அந்நாளிற் சிறுவராயிருந்தோரும் பின் பிறந்தோரும் இன்று ஒருங்கே பாடுகின்றனர். குரல்வளம் உடையார்க்கே பாட்டு உரியது என்பதில்லை. ஒழித்த இடம் யாவர்க்கும் பொது.