காமா கதிர் எங்கிருந்து வந்தது?

ஜோலார்பேட்டைக்காரர்களுக்கு ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகம் புதிதல்ல. அங்குள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி விண்மீன் ஒளியைத் திரட்டிக் குவிக்கிறது. காமா கதிரிடம் இது பலிக்காது. ஆடியையும் துளைத்துக்கொண்டு போய்விடும். வானிலிருந்து வரும் காமாவைக் காற்று மண்டலமே விழுங்கிவிடுவதால், கருவியை மேலே அனுப்பத்தான் வேண்டும்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் அப்படி ஒரு கருவி போனது. காட்மியம், துத்தநாகம், டெல்லுரியம் கலந்த 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குறைக்கடத்திப் படிகங்கள் 64. ஒவ்வொன்றிலும் 256 கட்டங்கள். காமா துகள் சில நேரம் ஒரு கட்டத்தில் எலக்ட்ரானை முட்டித் தள்ளிவிட்டு, திசை மாறி அடுத்த கட்டத்தில் அடங்கும். ஆர்தர் காம்ப்டன் 1923-இல் விளக்கிய சிதறல் இதுதான். இப்படி இரட்டையாகப் பதிந்தவற்றைக் கொண்டே நண்டு நெபுலாவின் துடிவிண்மீன் கதிர்கள் எவ்வளவு முனைவாகியிருக்கின்றன (அதாவது ஒரே தளத்தில் அதிர்கின்றன) என்று நம் விஞ்ஞானிகள் அளந்தார்கள். அருமையான சாதனை.

ஆனால் முட்டிய இரு இடங்களும் ஆற்றலும் மட்டும் தெரிந்தால், கதிர் ஒரு கூம்பின் பரப்பில் ஏதோ ஒரு திசையிலிருந்து வந்தது என்றுதான் சொல்ல முடியும். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் போன வழியோடு, அடிபட்ட காய் போன வழியும் தெரிந்தால்தானே அடி வந்த திசை பிடிபடும்! இங்கே காய், அந்த எலக்ட்ரான்.

அதன் பாதை சிலிக்கானில் மிகக் குறுகியது. அதையும் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள், 10.5 மைக்ரான் பிக்சல் கொண்ட தடித்த சிசிடி (கேமராக்களில் உள்ள ஒளியுணர்) சில்லில் படமாகப் பிடித்தார்கள். படத்தில் ஒரு நெளிகோடு தெரியும். வேகம் இருக்கும்வரை எலக்ட்ரான் ஆற்றலைக் கொஞ்சமாகத்தான் சிந்தும், தளர்ந்ததும் கொட்டிவிடும். ஆகவே மங்கலான முனை தொடக்கம், பளிச்சென்ற முனை முடிவு. தொடக்கத் திசை கிடைத்ததும் கூம்பு சுருங்கி ஒரு சிறு வில்லாகிவிடும். சிசிடியிலிருந்து படத்தை எடுக்க நேரமாகும் என்பது குறைதான்.

இந்தத் திசையறிதல் தரையிலும் தேவை. 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், ஏலத்தில் போன கருவியிலிருந்த, காமா கதிர் வீசும் கோபால்ட்-60 பல கடைகளுக்குச் சிதறி ஓர் உயிரைப் பறித்தது. கதிர்வீச்சு இருக்கிறது என்று சொல்ல மீட்டர் போதும். குவியலில் எந்தத் துண்டுக்குள் என்று தள்ளி நின்றே காட்ட, படம் வேண்டும். நம் ஊர் ஆய்வகங்கள் இந்தச் சில்லில் இறங்கப் பணம் ஒதுக்குவதற்கு, அந்த ஓர் உயிரே போதிய காரணம்.